ஷார்ட் ஷிஃப்டர் உங்கள் காருக்குத் தேவையா: முதலில் பார்க்க வேண்டியவையும் பொருத்தும் முறையும்

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் சொந்தக் கார் ஓட்டுபவர்களில் பலர், கம்பெனி கியர் லிவரை எடுத்துவிட்டு, குறைந்த தூரம் நகர்த்தினாலே கியர் விழும் ஷார்ட் ஷிஃப்டர் என்ற லிவரைப் போட்டுவிடலாமா என்று மெக்கானிக்குகளிடம் கேட்கிறார்கள். கையை நீட்டி நீட்டிக் கியர் போட வேண்டியிருக்கிறது, மூன்றாவது கியரைத் தேட வேண்டியிருக்கிறது, லிவர் தொளதொளவென்று ஆடுகிறது என்பவைதான் அவர்கள் சொல்லும் குறைகள். இவற்றுள் முதல் குறையை மட்டுமே ஷார்ட் ஷிஃப்டர் தீர்க்கும். மற்ற இரண்டும் பெரும்பாலும் தேய்மானத்தால் வருபவை என்பதால், தேய்ந்த பாகங்களை அப்படியே விட்டுவிட்டுப் புது லிவரைப் பொருத்தினால் பணம்தான் போகும், குறை போகாது.

கியர் லிவர் ஒரு நெம்புகோல். மேல்முனையில் கை பிடிக்கும் குமிழ் இருக்கிறது. நடுவில் ஒரு பந்து மூட்டு இருக்கிறது. கீழ்முனை, கியர் பாக்ஸுக்குப் போகும் கேபிளையோ ராடையோ தள்ளுகிறது. குமிழிலிருந்து மூட்டு வரை 300 மி.மீ., மூட்டிலிருந்து கீழ்முனை வரை 60 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், கீழ்முனை 20 மி.மீ. நகர்வதற்குக் கை 100 மி.மீ. நகர வேண்டும். கீழ்ப்பகுதியை 75 மி.மீ. ஆக நீட்டினால் கை 80 மி.மீ. நகர்ந்தாலே போதும், ஆனால் அதே கியரைப் போட 25 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். மேல்பகுதியையும் 30 மி.மீ. குறைத்துவிட்டால் கை நகரும் தூரம் 72 மி.மீ. ஆகிவிடும், தேவைப்படும் அழுத்தமோ ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடும். கல் குவாரியில் கடப்பாரை பிடித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிடியைக் கீழே இறக்கினால் கை குறைவாக நகரும், தோள்தான் அதிகம் உழைக்கும்.

கியர் பாக்ஸுக்குள் நடப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கியர் விழுவதற்கு முன், சின்க்ரோ எனப்படும் பித்தளை வளையம் கியரின் கூம்புப் பகுதியை உரசி, இரண்டின் சுழற்சி வேகத்தையும் சமமாக்குகிறது. வேகம் சமமாகும் வரை அந்த வளையமே வழியை மறித்து நிற்கிறது. அதற்கென்று ஒரு சிறு நேரம் தேவை. ஷார்ட் ஷிஃப்டர் அந்த நேரத்தைக் குறைப்பதில்லை. கை அதே அளவு அழுத்தினால், உள்ளே போய்ச் சேரும் விசை முன்பைவிடக் குறைவாக இருப்பதால், சமமாக எடுக்கும் நேரம் சற்றுக் கூடவே செய்யும். இதை உணராமல் அவசரமாகத் தள்ளுபவரின் காரில் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் தேய்பவை சின்க்ரோ வளையமும் பற்களின் முனைகளும்தான். ஏற்கெனவே இரண்டாவது கியர் போடும்போது சத்தம் வரும் காருக்கு ஷார்ட் ஷிஃப்டர் கூடவே கூடாது.

லிவரைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

எஞ்சினை நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்து, உள்ளே ஒருவரை உட்காரச் சொல்லி, நியூட்ரலில் லிவரை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கியர் பாக்ஸின் மேலிருக்கும் செலக்டர் கையை, அதாவது லிவரின் அசைவை கியர் பாக்ஸுக்குள் கொண்டுபோகும் சிறு கையைப் பாருங்கள். பல கார்களில் அது பேட்டரிக்கோ ஏர் ஃபில்டருக்கோ அடியில் இருக்கும். உள்ளே லிவர் நகர்ந்தும் வெளியே அந்தக் கை அசையாமல் நிற்கும் தூரம் முழுவதும் வீணான ஆட்டம். ஸ்விஃப்ட், ஐ20, போலோ போன்ற கேபிள் வகைக் கார்களில் இந்த ஆட்டம் கேபிள் முனையில் உள்ள நைலான் புஷ் என்ற சிறு வளையத்திலிருந்தோ லிவரின் பந்து மூட்டிலிருந்தோ வரும். மாருதி 800 போன்ற பழைய ராடு வகைக் கார்களில், காருக்கு அடியில் ராடு இணையும் இடத்திலுள்ள புஷ்கள் தேய்ந்திருக்கும். ஜீப் வகை வாகனங்களில் லிவர் பெரும்பாலும் நேரடியாகக் கியர் பாக்ஸுக்குள்ளேயே இறங்குவதால், லிவரின் அடியில் உள்ள இருக்கையையும் ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும்.

தேய்ந்த புஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். மண் சாலைகளில் ஓடும் கார் என்றால், பழைய கிரீஸும் செம்மண் தூசியும் சேர்ந்து உப்புத்தாள் போன்ற கெட்டியான சாந்தாகி அதன் உள்சுவரை அரித்திருக்கும். சில நூறு ரூபாயில் முடியும் இந்தப் புஷ்ஷை மாற்றி, கேபிளைச் சரியாக அட்ஜஸ்ட் செய்தாலே, ஷார்ட் ஷிஃப்டரிடம் எதிர்பார்த்த துல்லியத்தில் பெரும் பகுதி கிடைத்துவிடுகிறது. பித்தளையிலோ கடின பிளாஸ்டிக்கிலோ செய்த புஷ்கள் இன்னும் துல்லியம் தரும்; ஆனால் கியர் பாக்ஸின் அதிர்வை அவை நேராகக் கைக்குக் கொண்டுவரும் என்பதை அறிந்து வாங்குங்கள்.

அடுத்தது கிளட்ச். எஞ்சின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் சிக்கினால், கிளட்ச் முழுமையாக விலகவில்லை என்று பொருள். ஐடிலில் கிளட்சை முழுவதும் மிதித்து, சில நொடிகள் பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் பல் உரசும் சத்தம் வந்தால் லிவரை மறந்துவிட்டுக் கிளட்சைக் கவனியுங்கள். ராடு வகைக் கார்களில் எஞ்சின் மவுண்டிங் தளர்ந்திருந்தால், எஞ்சின் அசையும்போது லிவரும் சேர்ந்து அசையும், அதையும் பார்த்துவிடுங்கள்.

கியர் ஆயிலைப் பலரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது, ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருப்பதால்தான்; சூடானதும் சரியாகிவிட்டால் அது குறையன்று. பகல் முழுவதும் முரண்டு பிடித்தால், ஆயில் பழசாகியிருக்கலாம் அல்லது தவறான வகை ஊற்றப்பட்டிருக்கலாம். முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றுக்கு ஜிஎல்-4 என்ற கியர் ஆயில் தரமே சொல்லப்படுகிறது. "ஐந்து என்றால் நான்கைவிட உயர்ந்தது" என்று ஜிஎல்-5 ஊற்றிவிடுகிறார்கள். அதிலுள்ள கந்தகச் சேர்க்கைகள் அதிகம் என்பதால் பித்தளை வளையங்களுக்கு அது ஒவ்வாமல் போகக்கூடும், உராய்ந்து வேலை செய்ய வேண்டிய சின்க்ரோ வழுக்கவும் கூடும். காரின் கையேட்டில் என்ன தரம், என்ன கனம் என்று போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

இவை அனைத்தையும் சரிசெய்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலானோருக்கு அதன் பிறகு ஷார்ட் ஷிஃப்டர் ஆசை தணிந்துவிடும் என்பதே என் கணிப்பு. வீட்டில் பலர் மாறி மாறி ஓட்டும் கார், வயதானவர்கள் ஓட்டும் கார், வாரண்டி முடியாத கார் ஆகியவற்றுக்கு நான் அதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். ஒருவரே ஓட்டும், கியர் பாக்ஸ் நல்ல நிலையில் உள்ள, லிவர் மட்டும் இயல்பிலேயே நீண்டு நகரும் கார் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

நம் சாலைகளுக்கு எந்த அளவு பொருந்தும்

இங்கே ஓட்டுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். கனரக லாரிகளுக்கு நடுவே, பிரேக்கை மட்டும் நம்பாமல், எஞ்சினின் பிடிப்பில் குறைந்த கியரில் இறங்க வேண்டிய இடம் அது. அங்கே நான்கிலிருந்து மூன்றுக்கு மாற்றும் நொடியில் லிவர் முரண்டு பிடித்து நியூட்ரலில் நின்றுவிட்டால், வண்டி தானாக வேகமெடுக்கும். அதிக அளவு குறைத்த ஷிஃப்டர்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. முன்பின் நகர்வு குறைந்து, இடவல நகர்வு பழையபடியே இருக்கும் கிட்கள் பல விற்கப்படுகின்றன. கை பழகாத நிலையில் ஐந்திலிருந்து நான்குக்கு இழுக்க நினைத்து இரண்டில் போட்டுவிட வாய்ப்பு உண்டு. அப்போது சக்கரங்களே எஞ்சினை வரம்பு மீறிச் சுழற்றும். எஞ்சின் வேகம் வரம்பைத் தாண்டாமலிருக்க எரிபொருளை மட்டும் நிறுத்தும் ரெவ் லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது. வால்வுகள் வளைந்து எஞ்சினே கெட்டுப்போகலாம்.

எனவே 20 முதல் 25 சதவீதம் வரை குறைக்கும் கிட்டே போதுமானது. 40 சதவீதம் குறைக்கும் கிட்களைப் பந்தயத் தடத்துக்கு விட்டுவிடுங்கள். உங்கள் காரின் அதே மாடலுக்கும் அதே கியர் பாக்ஸுக்கும் உரியது என்று உறுதிசெய்து வாங்க வேண்டும். ஓசூரைச் சுற்றி நல்ல லேத் பட்டறைகளும் சிஎன்சி பட்டறைகளும் நிறைய இருப்பதால், கம்பெனி லிவரையே அறுத்து வெல்டிங் வைத்துத் தரச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். வெல்டிங் சூட்டில் பந்து மூட்டின் பிளாஸ்டிக் உருகும். பற்று வைத்த இடம் என்றாவது ஒரு நாள் கையோடு வந்துவிடும். பட்டறையில் தனி லிவர் கடைந்து வாங்குவதாக இருந்தால், பழையதைத் தொடாமல் மாதிரிக்கு மட்டும் கொடுங்கள்.

பொருத்தும் முறை

கேபிள் வகைக் காருக்கான முறையைச் சொல்கிறேன். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி லிவருக்கு அருகில், கன்சோலுக்கு அடியிலேயே இருப்பதால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே கன்சோலில் கை வையுங்கள். எதையும் கழற்றுவதற்கு முன், ஒவ்வொரு கியரிலும் செலக்டர் கை எங்கே வந்து நிற்கிறது என்று பெயிண்டால் சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள்; பின்னால் இந்தக் கோடுகள்தான் உங்களுக்குச் சாட்சி.

குமிழ், தோல் உறை, கன்சோல் ஆகியவற்றை வரிசையாக எடுத்து, கேபிள் முனைகளை அகலமான நெம்பியால் நேராக மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் வளைத்தால் கேபிளின் உள்கம்பி மடங்கி, புதுக் கேபிளுக்குச் செலவு வைக்கும். புது லிவரின் பந்து மூட்டுக்கு, பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவி, போல்ட்டுகளைக் குறுக்குவாக்கில் முறுக்குங்கள். பிறகு கியர் பாக்ஸ் நியூட்ரலில் இருக்க, லிவரையும் நியூட்ரல் நடுவில் நிறுத்தி, அந்த நிலையிலேயே கேபிளின் அட்ஜஸ்ட்டரைப் பூட்டுங்கள். சில கார்களில் லிவரை நடுவில் பூட்டி வைக்க ஒரு பின் துளை இருக்கும். இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தூசி உறையை விளிம்பு வரை ஒட்டப் பொருத்தாமல் விட்டால், செம்மண் புழுதி நேராக மூட்டுக்குள் இறங்கும்.

கன்சோலை மூடுவதற்கு முன் ஒவ்வொரு கியரையும் போட்டு, செலக்டர் கை பழைய கோடு வரை வருகிறதா என்று பாருங்கள். ஒரு கோட்டுக்கு முன்பே நின்றால், லிவர் எங்கோ இடிக்கிறது அல்லது அட்ஜஸ்ட்மெண்ட் தவறு. கியர் பாதியளவே விழுந்த நிலையில் ஓட்டினால், அது ஓட்டத்தில் நழுவி வெளியே வரும். பற்களின் முனை மழுங்கிவிடும். ரிவர்ஸ் பூட்டு, அதாவது வளையத்தைத் தூக்கினால் அல்லது குமிழை அழுத்தினால் மட்டுமே ரிவர்ஸ் விழும் அமைப்பு, முன்போலவே வேலை செய்ய வேண்டும். அது வேலை செய்யாத கிட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த ஒன்றில் சமரசமே கூடாது.

முதல் ஓட்டத்துக்கு நெடுஞ்சாலை வேண்டாம், தொப்பூர் நிச்சயமாக வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் ஒரு சர்வீஸ் ரோட்டில் கை பழகிய பிறகு, பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் சாலையில் மிதமான வேகத்தில் மூன்று, இரண்டு என்று மாற்றிப் பாருங்கள். ஏறத்தாழ 500 கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, கோடுகளை மறுபடி ஒப்பிடுங்கள். முன்பு இல்லாத சத்தம் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் தலைகாட்டினால், அன்றே பழைய லிவரைத் திரும்பப் பொருத்திவிட்டு, கியர் பாக்ஸைத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதற்காகவே பழைய லிவர், கிளிப், போல்ட் அனைத்தையும் ஒரே பையில் போட்டு டிக்கியில் வைத்திருங்கள்.