குமுளிக் கடைவீதியில் ‘ஃபேர் எனஃப்’: எப்போது சொல்வது, எப்போது தவிர்ப்பது

தேக்கடிக்கு வரும் வெளிநாட்டவரிடம் ஏலக்காய் விற்கும் கம்பம், கூடலூர்ப் பிள்ளைகளின் காதில் அடிக்கடி விழும் ஆங்கிலச் சொல் ‘ஃபேர் எனஃப்’ (fair enough). அதைச் ‘சரி’ என்று மட்டும் புரிந்துகொண்டால் வியாபாரத்தில் இடறும்.

முதலில் உச்சரிப்பு. ‘எனஃப்’ என்பதில் அழுத்தம் ‘னஃப்’ மீது விழ வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்து, பேச்சில் ஒரு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் இதில்தான் இருக்கிறது. “8 மில்லிமீட்டர் காய்க்கு ஏன் இவ்வளவு விலை?” என்று ஒருவர் கேட்கிறார். “போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏல விற்பனையிலேயே பெரிய காய்க்கு விலை கூடுதல்” என்கிறீர்கள். அவர் ‘ஃபேர் எனஃப்’ என்கிறார். உங்கள் காரணத்தை ஏற்றுக்கொண்டார். வாங்குவதாக இன்னும் சொல்லவில்லை. உடனே தராசில் காயைக் கொட்டாதீர்கள். “எவ்வளவு வேண்டும்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

இனி நீங்கள் சொல்லும் முறை. “பெட்டியில் இடமில்லை, அரைக் கிலோ வேண்டாம்” என்கிறார். மனத்துக்குள் ‘அதுவும் நியாயந்தான்’ என்று சொல்லிப் பாருங்கள். பொருந்துகிறதா? தயங்காமல் ‘ஃபேர் எனஃப்’ சொல்லலாம். ‘அதுவும்’ என்பதில் உள்ள அந்த விட்டுக்கொடுக்கும் ‘உம்’தான் இந்தச் சொல்லின் உயிர். பேரத்தைத் தொடர வேண்டுமானால் ‘ஃபேர் எனஃப், பட்…’ என்று தொடங்கி, நூறு கிராம் பொட்டலத்தைக் காட்டுங்கள். அவர் சொன்னதை மதித்துவிட்டு உங்கள் பேச்சை வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

‘நியாயந்தான்’ பொருந்தாத இடங்களும் உண்டு. “ஒரு பாட்டில் தண்ணீர் கொடுங்கள்” என்றால் ‘ஷ்யூர்’. “பத்து மணிக்குப் படகுத்துறையில் சந்திப்போமா?” என்றால் ‘சவுண்ட்ஸ் குட்’. ஏரியில் நிற்கும் பட்ட மரங்கள், 1895இல் முல்லைப்பெரியாறு அணை கட்டியதால் நீரில் மூழ்கியவை என்று ஒருவர் சொன்னால், அது வெறும் தகவல். ‘ஐ சீ’ போதும். “மழையில் இந்த ஏரி எவ்வளவு அழகு!” என்று ஒருவர் பூரிக்கும்போது மட்டும் ‘ஃபேர் எனஃப்’ சொல்லவே கூடாது. ‘உங்களுக்கு அப்படித் தோன்றினால் சரி’ என்பதுபோல் கேட்கும், அவர் முகம் வாடிவிடும். அங்கே மனமார ‘அப்சொலூட்லி’ சொல்லுங்கள்.

குரலையும் கவனியுங்கள்: இயல்பாக, சற்று இறக்கி முடியுங்கள், இழுத்தால் சலிப்பாகக் கேட்கும். அலுவலகக் கடிதத்தில் இந்தச் சொல் வேண்டாம், அங்கே ‘ஐ அக்செப்ட் யுவர் ரீசன்’ என்று எழுதுங்கள்.