டிஸ்லெக்ஸியா உள்ளவருக்கு உதவுகிறேன் என்று நாம் செய்கிற தவறுகள்

ஒரு மீட்டிங்கில், குழுவில் இருந்த ஒருவரிடம் திரையில் தெரிந்த வாடிக்கையாளர் மின்னஞ்சலைப் படித்துக் காட்டச் சொன்னேன். கோளாறு எங்கே என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற ஆள் அவர். நாலு வரிதான், இரண்டாவது வரியில் தடுமாறினார், ஒரு சொல்லை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார், யாரோ சிரித்தார்கள், நான் வேறு "அவசரப்படாம படிங்க" என்றேன். அடுத்த வாரத்திலிருந்து மீட்டிங் என்றாலே அவருக்கு வேறு வேலை வந்துவிடும். அவருக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் வருகிற ஒரு கற்றல் குறைபாடு, என்று எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது.

ஆக, முதல் தவறு என்னுடையது. முன்கூட்டிச் சொல்லாமல் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லாதீர்கள். படிக்க வேண்டியதை முந்தின நாளே அனுப்பிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

அடுத்தது, "கவனக்குறைவு" என்று முத்திரை குத்துவது. கோளாறு கண்ணிலும் இல்லை, அறிவிலும் இல்லை. எழுத்தை ஒலியோடு சேர்க்கிற வேலை மூளையில் மெதுவாகவும் சிரமப்பட்டும் நடக்கிறது, அவ்வளவுதான். "இன்னொரு தடவை நல்லா பாருங்க" என்றால், இன்னொரு தடவையும் அதே பிழை அவர் கண்ணில் படாமல் போகலாம். நம் ஊரில் இதில் ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஓரளவு ஒழுங்கானது. ஆங்கிலத்தில் த்ரூ (through), டஃப் (tough), தோ (though) மூன்றும் ஒரே நாலெழுத்தில் முடிகின்றன, உச்சரிப்போ மூன்று விதம். அதனால் தமிழை ஓரளவு சமாளித்துப் படிக்கிறவர் அலுவலக ஆங்கில மெயிலில் திணறும்போது, "அவருக்கு இங்கிலீஷ் வராது" என்று முடிவுகட்டிவிடுகிறோம். பேசச் சொல்லிப் பாருங்கள், சரளமாகப் பேசுவார்.

சரி, தெரிந்துவிட்டது. இப்போது இரக்கம் வருகிறது, அது இன்னும் ஆபத்து. "பாவம், அவருக்கு ரிப்போர்ட் வேலை வேண்டாம்" என்று நாமாகவே எடுத்துவிடுகிறோம், அப்புறம் வாடிக்கையாளர் சந்திப்பு போகிறது, அப்புறம் பதவி உயர்வுப் பட்டியலில் பெயரே இல்லை. அவர் கேட்டது வேலையைக் குறைக்கச் சொல்லி அல்ல, ரிப்போர்ட்டை எழுதும் வழியை மாற்றச் சொல்லி. வாயால் சொல்லித் தட்டச்சு செய்யும் வசதி போனிலேயே இருக்கிறது, தமிழிலும் வேலை செய்கிறது. எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதி வேர்டில் இருக்கிறது. கண்ணுக்குத் தப்பும் பிழை பல நேரம் காதில் மாட்டிக்கொள்ளும். கணக்கு எண்களைப் பார்த்துத் தட்டாமல் காப்பி பேஸ்ட் செய்ய விடுங்கள். வெளியே போகும் கடிதத்தை இன்னொருவர் ஒருமுறை பார்க்கட்டும், ஆனால் யார் பார்ப்பது என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

"சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்பது இன்னொன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடுகளும் வருகின்றன. அதற்கு முந்தைய 1995 சட்டத்தின் பட்டியலில் இவை இல்லவே இல்லை. இப்போது நாற்பதைத் தொடும் ஒருவர் பள்ளியில் வாங்கிய பெயர் "மக்கு", கையில் காகிதம் எப்படி இருக்கும்? அரசு வேலை இடஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் தேவைதான், மறுக்கவில்லை. மீட்டிங் குறிப்பை ஒருநாள் முன்னால் அனுப்ப அது எதற்கு? அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது. உங்கள் அலுவலகத்தில் அது எங்கே இருக்கிறது என்று எச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் முழிப்பார்கள்.

அவர் உங்களிடம் சொன்னதைக் குழு முழுக்கச் சொல்லாதீர்கள், நல்ல எண்ணத்தில்கூட. இதற்கு விளக்கம் தேவையில்லை.

சிலர் உற்சாகமாக டிஸ்லெக்ஸியாவுக்கென்றே வந்த எழுத்துருவை இறக்கி எல்லாக் கணினியிலும் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட எழுத்துருக்களால் படிக்கும் வேகம் கூடுகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. சாதாரண எழுத்துருவே போதும்: 12 அல்லது 14 அளவு, வரிகளுக்கிடையே தாராளமான இடைவெளி, சின்னப் பத்திகள். ஒரு மெயிலில் ஒரு விஷயம், கெடு தேதி முதல் வரியில். உண்மையில் எனக்கும் அப்படி வந்தால்தான் பிடிக்கிறது.

கடைசியாக ஆண்டு மதிப்பீடு. எங்கள் படிவத்தில் "எழுத்துத் தொடர்பு" என்று ஒரு கட்டம் உண்டு, இரண்டு வருடம் அதில் அவருக்கு ஐந்துக்கு இரண்டுதான் போட்டேன். மூன்றாம் வருடம் அவரிடமே கேட்டேன், என்ன மாற்றினால் உதவும் என்று. "நீளமா மெயில் போடாதீங்க சார், வாய்ஸ் நோட் அனுப்புங்க, ரெண்டு தடவை கேட்டுக்கறேன்" என்றார். இவ்வளவுதான் கேட்டார்.