மெக் கேம்களில் முடக்குத் திறன்களை எடைப்பிரிவுக்கு ஏற்பச் சமன்செய்வது எப்படி?

எதிரியின் மெக்கை (உள்ளே அமர்ந்து ஓட்டும் ராட்சதப் போர் ரோபோவை) அழிக்காமல் சில நொடிகளுக்குச் செயலிழக்க வைக்கும் ஸ்டன் (முழு உறைவு), வேகக் குறைப்பு, சூடேற்றம், ரேடார் மறைப்பு போன்ற திறன்களைச் சமன்செய்ய முற்படுபவர்கள் பெரும்பாலும் நொடிக்கணக்கை மட்டுமே திருத்துகிறார்கள். ஆனால் அதே 2 நொடியில் ஒவ்வோர் எடைப்பிரிவும் இழப்பது வெவ்வேறு. எனவே எண்களைத் தொடுமுன் அந்த இழப்பைக் கணக்கிட வேண்டும்.

மெக்வாரியர் ஆன்லைன் என்ற கேமில் 20 டன் லோகஸ்ட் முதல் 100 டன் அட்லஸ் வரை லைட், மீடியம், ஹெவி, அசால்ட் என நான்கு பிரிவுகள் உண்டு. அடிப்படைக் கணக்கில் லோகஸ்ட் சுமக்கக்கூடிய கவசம் 138 புள்ளிகள்; அட்லஸுக்கு அது 614. அங்கே 2 நொடி ஸ்டன் ஒன்று இருப்பதாகவும், அந்த நேரத்தில் மூன்று எதிரிகள் ஆளுக்கு 40 புள்ளி சேதம் விளைவிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அட்லஸின் கவசத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையாது. லோகஸ்ட்டின் மொத்தக் கவசத்துக்கே அது ஏறத்தாழச் சமம். மேலும், மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் ஓடும் லைட் மெக் அந்த 2 நொடியில் 83 மீட்டர் தூரத்தை இழக்கிறது, 54 கி.மீ. வேகத்தில் நகரும் அசால்ட் இழப்பதோ 30 மீட்டர். லைட்டுக்கு ஓட்டமே கவசம் என்பதால், அதை முழுவதுமாக நிறுத்தும் திறன் ஸ்டன் என்ற பெயரில் வரும் கொலை ஆயுதமாகிவிடுகிறது.

ஆகவே நகர்வு, உடல் திருப்பம், ஆயுதம், உணரி ஆகிய நான்கையும் தனித்தனியாகப் பிரித்து, ஒரு திறன் அவற்றில் ஒன்றை மட்டும் பறிக்குமாறு அமையுங்கள். லைட்டின் மீது விழும்போது வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலே போதும். அசால்ட்டுக்கு உடல் திருப்பத்தைத் தாமதப்படுத்துவதுதான் உறைக்கும்.

யார் வீசுகிறார் என்பதும் முக்கியம். மெக்வாரியர் ஆன்லைனின் மூடிய பீட்டாவில் (வெளியீட்டுக்கு முன் சிலருக்கு மட்டும் திறந்த சோதனைக் கட்டத்தில்), 2012-இல், மோதி வீழ்த்தும் வசதி இருந்தது. 60 டன் டிராகன் மெக்கை ஓட்டிச்சென்று மற்றவர்களைக் கீழே தள்ளுவதே ஒரு விளையாட்டாகி, ‘டிராகன் பௌலிங்’ என்ற பெயரும் பெற்றது. பின்னர் அந்த வசதி நீக்கப்பட்டது. எடையும் வேகமும் ஏற்கெனவே உள்ள மெக்குக்கு முடக்கும் ஆற்றலையும் இலவசமாகக் கொடுத்தால் இதுதான் நடக்கும். கனமான மெக்கின் முடக்குத் திறனுக்கு மெதுவாக வரும் எறிபொருளோ, முன்கூட்டியே கேட்கும் ஒலியோ விலையாக அமைய வேண்டும். லைட்டின் திறன், அது எதிரியை நெருங்கித் துணிந்தால் மட்டுமே எட்ட வேண்டும்.

அதே கேமின் ஃப்ளேமர் (எதிரியைச் சூடேற்றும் தீப்பிழம்பு ஆயுதம்) எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு. அது எதிரியின் வெப்பத்தை 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றாது. அதன் பிறகு தானும் சுட்டு, கூடும் வெப்பத்தால் மெக்கை அணையவிடுவதா, பொறுப்பதா என்ற முடிவு பாதிக்கப்பட்டவரின் கையிலேயே இருக்கிறது.

அடுத்தது அடுக்கு முடக்கம். பெரும்பாலான கேம்கள் சறுக்குவது இங்கேதான். ஒரு திறன் 2 நொடி முடக்கி, 12 நொடிக்கு ஒருமுறை கிடைக்கிறது என்றால் தனிப்போரில் அது சாதாரணமாகத் தோன்றும். ஆறு பேர் முறைவைத்து வீசினால் எதிரி எழுந்திருக்கவே முடியாது. ஆகவே தாக்குபவரின் கூல்டவுனை (திறனை மீண்டும் பயன்படுத்தக் காத்திருக்கும் நேரத்தை) நம்பாமல், தாக்கப்பட்டவருக்கு 6 முதல் 8 நொடி வரை, மீண்டும் முடக்க முடியாத எதிர்ப்புக் காலம் கொடுங்கள். ஆர்மர்ட் கோர் 6 என்ற மெக் கேமைப் போலத் தாக்கம் சேரச்சேர நிரம்பி, நிறைந்ததும் மெக்கை முடக்கும் அளவியை வைப்பதானால், எடைக்கேற்ப அளவியின் கொள்ளளவை மாற்றுங்கள். முடக்கத்தின் நீளத்தை எல்லாருக்கும் ஒன்றாகவே விடுங்கள். எவ்வளவு நேரம் முடங்குவோம் என்பதை ஆட்டக்காரர் மனத்தில் பதித்துக்கொள்ள அது உதவும்.

சோதனையின்போது வெற்றி விகிதத்தை மட்டும் பார்க்காமல், முடங்கிய மெக்குகளில் எத்தனை அந்த முடக்கம் தீருமுன்னே அழிந்தன என்பதை எடைப்பிரிவு வாரியாகக் குறித்துவையுங்கள். லைட்டுகளில் பாதிக்கு மேல் அப்படி அழிந்தால், நொடிகளைக் குறைக்குமுன் பறிக்கப்படுவது எது என்பதை மாற்றிப் பாருங்கள். ஒரு சுற்றில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள்.