குறைந்த ஒலியில் வாசித்தாலும் கிட்டார் கனமாகக் கேட்க: ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கரை மாற்றும் முறை

ஸ்பீக்கரை மாற்ற நினைப்பவர்கள் வாட் கூடியதைத் தேடி அலைகிறார்கள். வீட்டில் குறைந்த ஒலியில் வாசிப்பவருக்கு அந்த எண்ணால் பயன் குறைவு. ஸ்பீக்கர் எரியாமல் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. பார்க்க வேண்டியது உணர்திறன்: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் கிடைக்கும் டெசிபல். செலஸ்டியன் நிறுவனத்தின் வின்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு அது 100, அதே நிறுவனத்தின் கிரீன்பேக்குக்கு 98. எண் குறைந்தால் ஒலியும் குறையும். மூன்று டெசிபல் குறைந்தால், ஆம்ப்ளிஃபையரின் சக்தியைப் பாதியாக்கியதற்குச் சமம். ஆனால் காதுக்குப் பாதியாகக் கேட்கப் பத்து டெசிபல் குறைய வேண்டும். ஆகவே, ஸ்பீக்கரை மாற்றினால் மட்டும் பக்கத்து வீட்டாருக்கு நிம்மதி கிடைத்துவிடாது.

எமினன்ஸ் நிறுவனத்தின் ரெய்ன்மேக்கர், மேவரிக் ஆகிய ஸ்பீக்கர்களில் காந்தத்தின் பின்னால் ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருப்பினால் காந்தப்புலம் தளர்ந்து, ஒன்பது டெசிபல் வரை ஒலி குறையும். கூடவே பேஸ் சற்றுத் தொளதொளப்பாகும். எனக்கு அது பிடிக்கும். இறுக்கமான ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கு) வாசிப்பவருக்குப் பிடிக்காது.

ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியரை எடுத்துக்கொள்வோம். 15 வாட் வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையர், 12 அங்குல ஸ்பீக்கர், அதன் மின்தடை 8 ஓம். புதியதும் 8 ஓம்தான் இருக்க வேண்டும். 15 வாட்டுக்கு 25 அல்லது 30 வாட் தாங்குவதாக வாங்குங்கள். காந்தம் பருமனாக இருந்தால் மேலே தொங்கும் வால்வுகளில் இடிக்கலாம். ஆழத்தை அளந்த பிறகே பணம் கொடுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், வால்வுகள் ஆறட்டும். உலோகப் பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். நமக்கு அந்தப் பெட்டிக்குள் வேலையே இல்லை, கை வைக்காதீர்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்யவும் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடலாம்.

கீழ்ப்பக்கப் பின்பலகையைக் கழற்றுங்கள். எந்த வயர் எந்த முனையில் இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல், செருகியின் உலோகப் பகுதியைப் பிடித்து நேராக உருவுங்கள். இறுகிப் போயிருந்தால் இடுக்கியால் மெல்ல அசைத்தால் வந்துவிடும்.

ஆம்ப்ளிஃபையரை முகம் கீழாகப் படுக்கவைத்து நட்டுகளைக் கழற்றுங்கள். ஸ்பேனர் வழுக்கினால் காகிதக் கூம்பு கிழியும். மறு கையால் கூம்பை மறைத்தபடி திருகுங்கள். புதிய ஸ்பீக்கரை வைத்ததும் எல்லா நட்டையும் முதலில் விரலால் மாட்டுங்கள். பிறகு எதிரெதிர் மூலையாக மாறி மாறி இறுக்குங்கள், அசையாத அளவுக்கு மட்டும். வலுவைக் காட்டினால் சட்டம் வளைந்து, கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) உரசும்.

வயர்களைப் படத்தில் உள்ளபடி மாட்டுங்கள். பிளஸ், மைனஸ் குறி தெரியாவிட்டால், வயர் மாட்டுமுன் 1.5 வோல்ட் பேட்டரியை முனைகளில் ஒரு நொடி தொடுங்கள். கூம்பு முன்னால் நகர்ந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனையே பிளஸ். ஒற்றை ஸ்பீக்கரில் இது தலைகீழானாலும் பெரிய கேடு இல்லை. இரண்டு இருக்கும் பெட்டியில் ஒன்று மாறினால் பேஸ் காணாமல் போகும். மல்ட்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஏழு ஓம் காட்டினால் பதற வேண்டாம்; நேர் மின்னோட்ட அளவில் குறைவாகவே காட்டும்.

புதிய கூம்பு முதலில் விறைப்பாகக் கேட்கும். சில மணி நேர வாசிப்பில் இளகும். மாஸ்டர் குமிழைக் குறைத்து, வால்யூம் குமிழைக் கூட்டி வாசியுங்கள். ஒலி குறையும்போது காது பேஸையும் டிரெபிளையும் தவறவிடுவதால், பேஸ் குமிழைக் கொஞ்சம் ஏற்றலாம். டிரெபிளைத் தொடுமுன் ஆம்ப்ளிஃபையரை ஒரு நாற்காலியின் மேல் வைத்துப் பாருங்கள். 12 அங்குல ஸ்பீக்கர் கூர்மையான ஒலிகளை நேர்கோட்டில் வீசும். தரையில் இருந்தால் அவை உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும்.