வில்பத்துவில் கூடாரமிட உகந்த காலம்

இலங்கையின் வில்பத்துத் தேசியப் பூங்காவில் இரவு தங்க விரும்புவோர், விடுமுறை எப்போது வருகிறது என்று பார்ப்பதற்கு முன்னர், அங்குள்ள வில்லுகளில் நீர் எந்த அளவில் நிற்கும் என்பதைப் பார்க்க வேண்டும். மழைநீர் தேங்கும் இந்த இயற்கைக் குளங்களைச் சுற்றியே அக்காட்டின் விலங்குகள் நடமாடுகின்றன.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரி காலத்தைத் தவிர்ப்பதே நல்லது. மணற்பாதைகள் சேறாகி ஜீப்புகள் புதையும். எங்கும் நீர் கிடைப்பதால் விலங்குகளும் காட்டுக்குள் சிதறிவிடும்.

மழை ஓய்ந்த பின் வரும் பெப்ரவரியில் வில்லுகள் நிறைந்திருக்கும், இரவுகள் குளிர்ச்சியாக இருக்கும், வலசை வந்த பறவைகளும் இன்னும் திரும்பியிரா. சிறுத்தையைக் கண்டே தீர வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவருக்கும், குழந்தைகளுடன் செல்பவருக்கும் நான் பரிந்துரைப்பது இம்மாதத்தையே. மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை பிற்பகல்களில் இடிமழை பெய்யக்கூடும்.

கரடியைக் காண விரும்பினால் கணக்கு வேறு. மே இறுதி முதல் ஜூலை வரை பாலைப்பழம் பழுக்கும்போது, பகலில் எளிதில் வெளிப்படாத கரடிகள் மரமேறிக் கிளைகளை வளைத்துப் பழம் தின்பதையும், கீழே சிந்தியவற்றை மான்கள் பொறுக்குவதையும் காணலாம். ஆனால் அதே மாதங்களில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று ஓயாமல் வீசும் என்பதால், மணலில் அறைந்த கூடார முளைகள் எளிதில் பிடுங்கிக்கொள்ளும். நீளமான முளைகளை எடுத்துச் சென்று, காற்றுக்கு முதுகு காட்டும் வகையில் வாசலை அமைப்பது அவசியம். தீ மூட்டுவதிலும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

ஓகஸ்ட், செப்டம்பரில் நீர் சுருங்கிவிட, எஞ்சிய வில்லுகளின் கரையில் காத்திருந்தால் யானையும் சிறுத்தையும் தென்படும் வாய்ப்பு அதிகம். வெக்கையும் புழுதியும் அதற்கான விலை. குடிநீரை முழுவதுமாக வெளியிலிருந்தே கொண்டுசெல்ல வேண்டும்.

முகாம் இடங்கள் மிகச் சிலவே என்பதால், மாதத்தை முடிவு செய்தவுடன் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஜூன் மாதத்தைத் தெரிவு செய்வோர், அருகிலுள்ள அனுராதபுரத்தில் யாத்திரிகர்கள் திரளும் பொசன் பௌர்ணமி வாரத்தை விலக்கிவிட்டு நாளைக் குறிப்பது நல்லது.