அச்சுக்காரர் வாழ்க்கையை முகப்புத் தாளிலிருந்து எழுதுவது எப்படி

"தாத்தா பிரஸ் வைத்திருந்தார், அவரைப் பற்றி எழுதணும், ஒரு கடிதம்கூட இல்லை" என்று மண்ணடி, வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். கடிதம் வேண்டாம், அவர் அடித்த புத்தகங்களைத் தேடி எடுங்கள். நான் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்தைக் கோத்துப் பக்கம் அமைப்பவனாக இருந்தவன். எனக்கு முகப்புத் தாள்தான், அதாவது தலைப்பும் அச்சகமும் வருஷமும் போட்ட முன் தாள்தான், முதல் சாட்சி.

அதில் முதலில் தலைப்பை முழுசாகப் படியுங்கள். நியூயார்க்கில் சாலமன் ஹென்றி ஜாக்சன் என்று ஒரு யூத அச்சுக்காரர் இருந்தார். 1823-ல் 'தி ஜ்யூ' என்ற பத்திரிகை தொடங்கினார். அமெரிக்காவின் முதல் யூதப் பத்திரிகை அது. யூத மதத்தை எதிரிகளிடமிருந்து, குறிப்பாக 'இஸ்ரேல்ஸ் அட்வகேட்' இதழிடமிருந்து காக்க வந்தது என்று தலைப்பிலேயே போட்டார். அந்த இதழ் யூதர்களை மதம் மாற்ற முயன்ற சங்கத்துடையது. யாரோடு வாதம் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. 1825-ல் பத்திரிகை நின்றது. 1826-ல் எபிரேயமும் ஆங்கிலமுமாக ஒரு ஜெபப் புத்தகம், மொழிபெயர்த்தவரும் அவரே. 1837-ல் யூதர்களின் பஸ்கா பண்டிகை இரவில் வாசிக்கும் ஹகாதா, அமெரிக்காவில் அச்சான முதல் ஹகாதா. வாதாடியவர் தன் ஜனங்கள் வீட்டில் வைத்து வாசிக்கும் புத்தகத்துக்கு வந்து சேர்ந்ததை இந்த மூன்று தாள்களே சொல்கின்றன.

நம் தங்கசாலைத் தெருவில் அச்சகம் வைத்த ஆறுமுக நாவலரையும் இப்படியே படிக்கலாம். பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் உதவியவர், 1854-ல் சைவத்தைப் பழித்த பாதிரிமாருக்கு மறுப்பாக 'சைவ தூஷண பரிகாரம்' போட்டார்.

அப்புறம் வருஷம். ஜாக்சனுடையது மாதிரி புத்தகத்தில் யூத வருஷம் இருந்தால் 3760 கழியுங்கள்: 5597 என்றால் 1837. புது வருஷம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால் ஒன்று குறையலாம். தமிழ் வருஷம் கவனம்: 'ஆனந்த' என்று மட்டும் இருந்தால் 1854-ம் ஆகலாம், 1914-ம் ஆகலாம், 1974-ம் ஆகலாம். விலை அணாவில் இருந்தால் 1974-ஐத் தள்ளிவிடலாம்.

அச்சகப் பெயர் கிழிந்துபோன புத்தகமா? லென்ஸ் எடுத்து, தாத்தா பெயர் போட்ட இன்னொரு புத்தகத்தோடு எழுத்துகளை ஒப்பிடுங்கள். ஈய எழுத்து ஒருமுறை அடிபட்டால் அடிபட்டதுதான். அப்போதெல்லாம் வேலை முடிந்ததும் அதைக் கலைத்து மறுபடி கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில்தான் போடுவோம்; அடுத்த புத்தகத்திலும் அதே வால் ஒடிந்த 'ழ' வந்து நிற்கும். ஆனால் ஒரு எழுத்தை நம்பி எழுதாதீர்கள். பழைய எழுத்து கைமாறி விற்கும். நாலைந்து எழுத்து பொருந்தட்டும்.

1867-ல் வந்த அச்சகம், புத்தகப் பதிவுச் சட்டப்படி, 2024-ல் அது ரத்தாகும் வரை, அச்சிட்டவர் பெயரும் இடமும் புத்தகத்தில் கட்டாயமாக இருந்தது. வீட்டில் பிரதி இல்லையென்றால் தாத்தா பெயரை எழுதிக்கொண்டு தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் எழும்பூர் கன்னிமாராவுக்கும் போய்க் கேளுங்கள்.