சேர்ந்து அடை வைப்போம்: வீட்டில் குஞ்சு பொரிக்க 21 நாள்

பொங்கல் முடிந்து வீடு ஓய்ந்ததும் எங்கள் தெருவில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துக்கொள்வோம். அன்று சாயங்காலம் ஐந்து வீட்டில் ஒரே நேரத்தில் முட்டை அடைக்கு ஏறும். மூன்று வீட்டில் இன்குபேட்டர், அதாவது கோழி இல்லாமலே சூடு கொடுத்துப் பொரிக்கும் பெட்டி, எதிர்வீட்டு அக்காவிடம் அடைக்கோழி, பால்காரத் தம்பியிடம் அவனே தெர்மோகோல் பெட்டியில் பல்பும் சின்ன ஃபேனும் பொருத்திச் செய்தது. 21 நாள் கணக்கு எல்லோருக்கும் தெரியும், ஆனால் வைத்த நாளையே முதல் நாளாக எண்ணிவிட்டு இன்னும் வரவில்லையே என்று பதறுபவர்கள் நிறைய. முட்டை வைத்து 24 மணி நேரம் கழிந்தால்தான் ஒரு நாள். சனிக்கிழமை வைத்தால் மூன்று வாரம் கழித்து அதே சனிக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருப்போம்.

தனியாக வைத்தால் ஆகாதா என்றால், ஆகும். நானும் இரண்டு வருடம் தனியாகத்தான் வைத்தேன். ஆனால் கோழிகளுக்கு வரும் தொற்றுநோயான வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து ஒரு குப்பியில் குறைந்தது நூறு குஞ்சுக்கு வரும், கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் மீதியை எங்கே கொண்டுபோவார்? ஒரே நாளில் பொரித்தால் ஒரே குப்பி ஐந்து வீட்டுக்கும் போதும். ஒருவருக்கு ஒரே ஒரு குஞ்சு மட்டும் பொரித்தால் அது தனியாகக் கத்திக்கொண்டே கிடக்காமல் பக்கத்து வீட்டுக் கூட்டத்தில் சேர்ந்துவிடும். எல்லாவற்றையும் விட, கடைசி மூன்று நாள் பெட்டியைத் திறக்காமல் இருக்க ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் முட்டை. எட்டுப் பத்து பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் பெரும்பாலும் கருக்கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் சேவல் சோர்ந்துவிடும், கருக்கூடாத கூமுட்டை அதிகமாகும். அதனால்தான் தை, மாசியை விடுவதில்லை. ரொம்பப் பெரியது, ரொம்பச் சின்னது, ஓடு சொரசொரப்பானது, கீறல் விழுந்தது எல்லாம் குழம்புக்குப் போகட்டும். அடை முட்டையைக் கழுவாதீர்கள், ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே இறங்கும். கூர்ப்பகுதி கீழே இருக்கும்படி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், மணல் போட்ட மண்சட்டியில் வையுங்கள். ஏழு நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். வெளியூரிலிருந்து பஸ்ஸில் குலுங்கி வந்த முட்டை என்றால் ஒரு நாள் அசையாமல் இருக்கவிட்டு அப்புறம் வையுங்கள்.

அடுத்து பெட்டி. இங்கேதான் நான் பட்டது. என் முதல் பொரிப்பில் புதிதாக வாங்கிய வெப்பமானி 37.5 காட்டியது, நானும் நம்பி விட்டுவிட்டேன். குஞ்சு 19ஆம் நாளே வந்துவிட்டது, தொப்புள் மூடாமல், கால் நிற்காமல், இரண்டு நாளில் மூன்று போய்விட்டன. பிறகு பார்த்தால் கருவி ஒரு டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டியிருக்கிறது. இப்போது அடை வைப்பதற்கு முந்தின நாள் ஐந்து வீட்டு வெப்பமானியையும் அக்கா வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவருவோம். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் எல்லாக் கருவியின் முனையையும் ஒன்றாக நனைத்துப் பார்ப்போம். எது எவ்வளவு பொய் சொல்கிறது என்று ஒரு ஒட்டுத்தாளில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிட்டால் 21 நாளும் நிம்மதி. ஈரப்பதமானிக்கும் ஒரு சோதனை உண்டு: பாட்டில் மூடியில் கல்லுப்பை நிரப்பி, சேறுபோல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்தக் கருவிக்கு எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 ஃபாரன்ஹீட். ஃபேன் இல்லாத பெட்டியில் சூடு மேலே தங்கும் என்பதால் முட்டையின் மேற்பரப்பு உயரத்தில் அளந்து 38.5 டிகிரி அளவில் வையுங்கள். முட்டை வைப்பதற்கு ஒரு நாள் முன்பே ஓடவிட்டு நிலைத்து நிற்கிறதா என்று பாருங்கள். ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம் இருந்தால் போதும். கடலோர ஊர்க்காரர்களுக்குச் சில நாள் தண்ணீரே ஊற்றத் தேவைப்படாது, எங்களைப்போல உள்நாட்டில் இருப்பவர்களுக்குக் கிண்ணம் வற்றிக்கொண்டே இருக்கும். ஈரம் கூட வேண்டுமென்றால் ஆழமான கிண்ணம் வைத்துப் பயனில்லை, அகலமான தட்டு வையுங்கள். தண்ணீரின் பரப்புதான் கணக்கு.

முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் கூட்டல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை திருப்புங்கள். ஒற்றைப்படை எதற்கு என்றால், ராத்திரி நெடுநேரம் திருப்பாமல் கிடக்கும் பக்கம் தினமும் மாறும். திருப்பாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

அடைக்கோழி வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அது தானே திருப்பும். கூடையில் மணல் பரப்பி, கோழியின் இறகுக்குள் பேன் இல்லையா என்று பார்த்து, இருட்டிய பிறகு உட்காரவையுங்கள். சின்ன உடம்புள்ள சிறுவிடை நாட்டுக்கோழி என்றால் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வேண்டாம். தினம் ஒரு தடவை இறங்கி, தின்று, தண்ணீர் குடித்து, எச்சம் போட்டு வரட்டும். அக்கா கூடையில் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் ஒரு ஆணியும் போட்டு வைப்பார், இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க என்று அவர் அம்மா காலத்துப் பழக்கம். எங்கள் பெட்டிப் பக்கத்திலும் ஒரு கரித்துண்டு இருக்கும், அக்கா வந்து பார்ப்பார் என்பதற்காக.

கரண்ட் போனால் பதற வேண்டாம். கோழியே தினம் கால்மணி நேரம் இறங்கிப் போகிறதே. பெட்டியைத் திறக்காமல் மேலே கம்பளி போட்டு மூடுங்கள், காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள். ஒரு மணி நேரம் தாண்டினால் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி உள்ளே வையுங்கள். போன வருடம் ஒரு ராத்திரி முழுக்க இல்லாதபோது தம்பி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்வெர்ட்டர் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

ஏழாம் நாள் ராத்திரிதான் எங்களுக்குத் திருவிழா. சாப்பாட்டை முடித்துவிட்டு எல்லோரும் ஒரு வீட்டில் கூடி விளக்கை அணைத்துவிடுவோம். அட்டைப்பெட்டியில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை போட்டு, உள்ளே போன் டார்ச்சை வைத்து, முட்டையின் அகன்ற பக்கத்தை ஓட்டையில் பொருத்துங்கள். உயிர் இருக்கும் முட்டையில் சிலந்தி கால் விரித்ததுபோல ரத்த நரம்பு ஓடும், நடுவில் ஒரு கரும்புள்ளி, அதுதான் கண். அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தப் புள்ளி மெல்ல ஆடும். முதல் தடவை அதைப் பார்த்த அக்கா மகள், 'சித்தப்பா, அது என்னைப் பாக்குது' என்று கத்திவிட்டாள். உள்ளே ஒன்றுமில்லாமல் மஞ்சளாகத் தெளிவாகத் தெரிந்தால் கருக்கூடாத முட்டை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடங்கி நின்றுவிட்டது, எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் அழுகி வெடித்து மற்றதையும் கெடுக்கும். சந்தேகமாக இருந்தால் கேள்விக்குறி போட்டு வைத்து 14ஆம் நாள் மறுபடி பாருங்கள். பழகாத கண்ணுக்கு எல்லா முட்டையும் ஒன்றுபோலத்தான் தெரியும், அங்கேதான் நாலு பேர் கூட இருப்பது உதவும்.

சமையலறைத் தராசு இருந்தால் முட்டையை எடை போட்டும் பாருங்கள். 18 நாளில் எடையில் 12, 13 சதவீதம் குறைய வேண்டும், 45 கிராம் முட்டை 39, 40 கிராமுக்கு வந்திருக்க வேண்டும். நடுவில் எடை போடும்போது குறையவே இல்லை என்றால் ஈரம் அதிகம், 18ஆம் நாள் வரை தண்ணீர்த் தட்டை எடுத்துவிடுங்கள்.

18ஆம் நாள் திருப்புவதை நிறுத்துங்கள். முட்டைக்கு அடியில் சொரசொரப்பான துணி அல்லது வலை விரியுங்கள், ஈரத்தை 65, 70க்கு ஏற்றுங்கள், மூடுங்கள். இனிமேல் திறக்கக் கூடாது. 20ஆம் நாள் காதை வைத்துக் கேட்டால் ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சுச் சத்தம் வரும். அப்புறம் அலகின் நுனியில் இருக்கும் முட்டைப்பல்லால் குஞ்சு குத்த, ஓட்டில் நட்சத்திரம்போல ஒரு விரிசல் விழும். அதன் பிறகு மணிக்கணக்காக ஒன்றும் நடக்காது. இந்த நேரத்தில்தான் மனசு கேட்காது. குஞ்சு செத்துவிட்டதோ, கொஞ்சம் ஓட்டை உடைத்துக் கொடுத்தால் என்ன என்று கை பரபரக்கும். உள்ளே அது சும்மா இல்லை, மீதி மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது, சவ்வில் ஓடும் ரத்தம் வற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது உடைத்தால் ரத்தம் கொட்டும். திறந்தால் ஈரம் ஒரே மூச்சில் வெளியே போய், சவ்வு சுருங்கிக் குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும், பாதி வெளியே வந்த மற்றதும் மாட்டிக்கொள்ளும்.

அதனால் அந்த ராத்திரி எங்களுக்குள் போன் ஓயாது. 'அண்ணே, விரிசல் விழுந்து பத்து மணி நேரம் ஆச்சு, லேசா திறந்து பாக்கட்டுமா?' என்பான் தம்பி. 'கைய எடுடா, எனக்குப் பதினெட்டு மணி நேரம் ஆச்சு, நான் உக்காந்திருக்கேன்ல' என்பேன். அக்காவுக்குக் கோழியே காவல், பக்கத்தில் போனாலே கொத்தும். விரிசல் விழுந்ததிலிருந்து 24 மணி நேரம் வரை பொறுக்கலாம், தவறில்லை. பிறகு குஞ்சு ஓட்டைச் சுற்றி வட்டமாக அறுத்துக்கொண்டு வந்து, காலை உதைத்துத் தொப்பியைத் தள்ளிவிட்டு ஈரமாக விழும். ரோமம் உலர்ந்து பஞ்சுபோல ஆகும்வரை உள்ளேயே இருக்கட்டும். வயிற்றுக்குள் இழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும், பசியில் செத்துவிடாது.

வெளியே எடுத்ததும் அட்டைப்பெட்டி, சாக்கு விரிப்பு, பல்பு. வழவழப்பான செய்தித்தாளை விரித்தால் கால் அகன்று நொண்டியாகிவிடும். முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறையுங்கள். குஞ்சுகளைப் பார்த்தாலே தெரியும்: பல்புக்கடியில் குவிந்தால் குளிர், மூலைக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு, பரவிப் படுத்துத் தூங்கினால் சரி. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், மூழ்காது. குஞ்சுத் தீவனம் கிடைத்தால் அதுவே நல்லது, கிடைக்கும்வரை நொய்யும் உடைத்த கம்பும். பெட்டிக் குஞ்சு சிலதை அக்கா கோழிக்கடியில் ராத்திரி இருட்டில் செருகிவிடுவோம், அதற்கும் அன்றுதான் பொரித்திருக்கும் என்பதால் விடிந்ததும் தன் பிள்ளையாகவே கூப்பிட்டுக்கொண்டு போகும்.

குஞ்சு பொரித்த ஏழாம் நாள் காலையில் வெள்ளைக்கழிச்சல் மருந்து வாங்க அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஒருவர் ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு போவார், மற்றவர்கள் குஞ்சுப் பெட்டியோடு திண்ணையில் காத்திருப்போம். குஞ்சை உள்ளங்கையில் படுக்கவைத்து, தலையை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, கண்ணில் ஒரு சொட்டு. உடனே விடாதீர்கள், உதறிவிடும். சொட்டு உள்ளே இறங்கி, குஞ்சு ஒரு தடவை கண்ணை மூடித் திறந்ததும் கீழே விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.